அரை கம்ப்யூட்டரை அணைத்தவன்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வழக்கம்போல "சார் பாடம் ஆரம்பிச்சுட்டார்" என்று நகர்ந்துவிடாதீர்கள். இதில் பாடமும் இருக்கிறது, நான் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

போன வாரம் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். மகள் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். "எட்டு கோர் தாத்தா" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். கோர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கணினியின் மூளை என்று சொல்கிறோமே, அந்தப் பிராசஸர் சில்லுக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடக்கூடிய பகுதி ஒவ்வொன்றும் ஒரு கோர். முன்பெல்லாம் ஒரு சில்லுக்கு ஒன்றுதான். இப்போது நம் கையில் இருக்கும் போனிலேயே எட்டு இருக்கிறது.

அவனுடைய அம்மாச்சி பீரோவைச் சுத்தம் செய்தபோது, பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு சிடி விழுந்தது. ஒரு கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி. அதில் ஒரு கார் பந்தய விளையாட்டின் மாதிரிப் பகுதி இருந்தது. உறையின் மேல் என் கையெழுத்தில் "பறிமுதல், ஆகஸ்ட் 2007" என்று எழுதியிருந்தது. பார்த்ததும் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது.

பேரனுக்கு ஒரே குஷி. லேப்டாப்பில் சிடி போடும் வசதி இல்லாததால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு டிரைவ் இரவல் வாங்கி வந்தான். விளையாட்டு ஓடியது. நன்றாகவே ஓடியது. ஆனால் பையன் திருப்தியில்லாமல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான். "பாருங்க தாத்தா, மொத்தத்துல 12 சதவீதம்தான் வேலை செய்யுது. எட்டு கோர் இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு கோர் அளவுக்குத்தான் இதுக்கு உழைக்கத் தெரியுது."

நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. கணக்கு வாத்தியாருக்கு உடனே புரிந்தது. அடுத்து அவன் அந்த விளையாட்டின் பெயர்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி இன்னொரு சின்ன ஜன்னலைத் திறந்தான். சிபியு 0, சிபியு 1, சிபியு 2 என்று வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக். "இதுல டிக்கை எடுத்துட்டா, இந்த கேம் மட்டும் அந்த கோருக்குப் போகாது தாத்தா. பழைய கேம் சிலது இப்படிச் செஞ்சாத்தான் ஒழுங்கா ஓடும்."

எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது. அந்த ஜன்னலை நான் 18 வருடத்துக்கு முன்பே பார்த்திருக்கிறேன்.

2007 பேட்ச் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். கணினி ஆசிரியர் இல்லாத வருடம் அது. கணக்கோடு சேர்த்து கணினி அறையும் என் பொறுப்பில் வந்தது. பாடப் புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸும் சி பிளஸ் பிளஸும். ராத்திரி நான் படிப்பேன், காலையில் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். இருந்தவை எல்லாம் பழைய பெட்டிகள். அந்த வருடம்தான் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு புதுக் கணினி வாங்கிக் கொடுத்தார்கள். இரட்டைக் கோர். பூ வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, தலைமையாசிரியர் கையால் சுவிட்சைப் போட வைத்தோம். கல்யாணப் பெண்ணைப் போல அதற்கு ஒரு துணி உறை வேறு.

ஒரு நாள் மதிய இடைவேளையில் உள்ளே நுழைகிறேன், ஒரு பையன் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். திரையில் இந்தச் சின்ன ஜன்னல். என் கண்முன்னாலேயே சிபியு 1 என்பதன் டிக்கை எடுத்தான்.

"என்னடா பண்றே?"

"சார், இதுல கேம் திக்கித் திக்கி ஓடுது சார். அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுது. இதுல ரெண்டு கோருக்கும் டைம் ஒத்துப்போகலை சார். அதான் ஒண்ணை எடுத்துவிட்டேன்."

எனக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். புதுக் கம்ப்யூட்டரில் பாதியை அணைத்துவிட்டான்! இரண்டு மாடு பூட்டின வண்டி ஒரு மாடு பூட்டினதைவிட மெதுவாகப் போகும் என்கிறானே, என்னை முட்டாளாக்கப் பார்க்கிறானா? சிடியைப் பிடுங்கினேன். கணினியைக் கெடுத்துவிட்டான் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். செய்முறைத் தேர்வு வரைக்கும் அவன் கணினி அறைப் பக்கமே வரக்கூடாது என்றேன். அவன் அப்பாவை வரச் சொன்னோம். தையல் கடை வைத்திருந்தவர். கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார். சர்வீஸ் செய்ய 350 ரூபாய் அவரிடம் வாங்கினோம்.

சர்வீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, "மெஷின்ல ஒரு குறையும் இல்லை சார்" என்றார். அவருடைய கூலி போனது போனதுதான். ஒரு குறையும் இல்லை என்ற அந்தச் செய்தியை நான் அந்த அப்பாவிடம் சொல்லவில்லை. பையன் அதிர்ஷ்டக்காரன், தப்பித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பேரன் ஊருக்குப் போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். படித்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பழைய கதை. 1981-இல் வந்த ஐபிஎம் கணினியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்தில் சில விளையாட்டுகளை எழுதியவர்கள் கடிகாரத்தையே பார்க்கவில்லை. "சும்மா இத்தனை தடவை எண்ணு, பிறகு அடுத்த அடி வை" என்று எழுதிவிட்டார்கள். எண்ணுகிறவன் மெதுவாக எண்ணும் வரைக்கும் சரி. வேகமான கணினி வந்ததும், எண்ணி முடிப்பதற்கும் எதிரி நம்மைச் சுட்டு முடிப்பதற்கும் கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதற்காகத்தான் பழைய பெட்டிகளில் டர்போ என்று ஒரு பொத்தான் இருந்தது. நம் பள்ளியின் முதல் 486 பெட்டியில் அதை நீங்கள் மாற்றி மாற்றி அமுக்கி விளையாடுவீர்களே! பெயர்தான் டர்போ. அது இருந்ததன் உண்மையான பயன், பழைய நிரல்களுக்காகக் கணினியை மெதுவாக்குவது.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் வேகம் ஏறிக்கொண்டே போனது. 2004 வாக்கில் ஒரு சுவரில் முட்டிக்கொண்டது. அதற்கு மேல் வேகத்தை ஏற்றினால் சூடு தாங்கவில்லை. பென்டியம் 4 வரிசையில் கடைக்கு வந்த உச்ச வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ். 4 கிகாஹெர்ட்ஸில் கொண்டுவருவதாக இருந்த திட்டத்தை 2004-இல் இன்டெல் கைவிட்டது. அடுத்த வருடமே இன்டெல், ஏ.எம்.டி. இரண்டு நிறுவனங்களும் வீட்டுக் கணினிக்கு இரட்டைக் கோர் சில்லுகளைக் கொண்டுவந்தன. ஒருவனை இன்னும் வேகமாக ஓடச் சொல்ல முடியாது, இரண்டு பேரை வேலைக்கு வைப்போம் என்பதுதான் கணக்கு.

இரண்டு பேர் வந்தால் வேலை பாதி நேரத்தில் முடியுமா? வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். கல்யாண வீட்டில் காய் நறுக்க எட்டுப் பேர் உட்கார்ந்தால் எட்டில் ஒரு பங்கு நேரம்தான். இட்லி மாவுக்கு எட்டுப் பேர் வந்து என்ன செய்வது? ஊற வேண்டும், அப்புறம் அரைக்க வேண்டும், அப்புறம் புளிக்க வேண்டும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது.

பழைய விளையாட்டுகள் இட்லி மாவு மாதிரி எழுதப்பட்டவை. விசையைப் பார், காரை நகர்த்து, மோதியதா என்று பார், படத்தை வரை. திரும்பவும் விசையைப் பார். மோதியதா என்று தெரியாமல் படம் வரைய முடியாது. நகர்த்தாமல் மோதியதா என்று பார்க்க முடியாது. ஒரு வினாடிக்கு 60 தடவை இந்தச் சுற்று முடிய வேண்டும் என்றால், ஒரு சுற்றுக்குக் கிடைப்பது வினாடியில் அறுபதில் ஒரு பங்கு. அந்தக் காலத்தில் வீட்டுக் கணினியில் இருந்தது ஒரே கோர் என்பதால் எழுதியவர்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதினார்கள். 1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அப்படிப்பட்டதுதான். 2007-இல் வந்த கிரைசிஸ்கூடப் பெரும்பாலான பாரத்தை ஓரிரு கோர்களின் தலையிலேயே ஏற்றியது. அதனால்தான் எத்தனையோ வருடம் கழித்து வந்த கணினிகளையும் அது திணறடித்தது.

இதற்கு 1967-லேயே ஜீன் ஆம்டால் என்ற கணினிப் பொறியாளர் கணக்குச் சொல்லியிருக்கிறார். கரும்பலகை இல்லாமலே போடுகிறேன், கவனியுங்கள். ஒரு வேலைக்கு ஒரு ஆள் 10 நிமிடம் எடுக்கிறான். அதில் 5 நிமிட வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், மீதி 5 நிமிடத்தைப் பிரிக்கவே முடியாது. 4 பேர் வந்தால், 5 உடன் ஒன்றேகால், மொத்தம் ஆறேகால் நிமிடம். 8 பேர் வந்தால் 5 நிமிடம் 37 வினாடி சொச்சம். 100 பேர் வந்தால் 5 நிமிடம் 3 வினாடி. ஊரையே கூட்டி வந்தாலும் அந்த 5 நிமிடத்துக்குக் கீழே போகாது. பழைய விளையாட்டில் பிரிக்க முடியாத பங்கு இன்னும் அதிகம். பேரனின் எட்டு கோரில் பன்னிரண்டு சதவீதம் மட்டும் உழைத்ததன் காரணம் இதுதான்.

சரி, வேகம் கூடாது. குறைவது எப்படி? இந்த இடத்தில்தான் என் தவறு இருக்கிறது.

நம் பள்ளியில் தலைமையாசிரியர் அறையில் ஒரு கடிகாரம், ஆசிரியர் அறையில் ஒரு கடிகாரம் இருந்தது. இரண்டுக்கும் எப்போதும் மூன்று நிமிட வித்தியாசம். ஒரு கடிகாரத்தை மட்டும் பார்த்து மணியடித்தால் பிரச்சினை இல்லை. ஒரு தடவை அங்கே, ஒரு தடவை இங்கே பார்த்து அடித்தால்? ஒரு பீரியட் 42 நிமிடம் வரும், அடுத்தது 48 வரும்.

கணினியிலும் இதே கதை. ஒவ்வொரு கோருக்குள்ளும் அது எத்தனை துடிப்பு துடித்தது என்று எண்ணும் ஓர் எண்ணி இருக்கிறது. ஒரே கோர் இருந்த காலத்தில் பல விளையாட்டுகள் நேரம் அறிய அந்த எண்ணியைத்தான் பார்த்தன. இரட்டைக் கோர் வந்ததும், ஆரம்பகாலச் சில்லுகள் சிலவற்றில் இரண்டு எண்ணிகளும் ஒன்றுபோல ஓடவில்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒரு கோர் வேகத்தைக் குறைத்தால் அதன் எண்ணியும் பின்தங்கிவிடும். விண்டோஸோ, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இந்தக் கோரிலிருந்து அந்தக் கோருக்கு அவ்வப்போது மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும். விளையாட்டு ஒரு தடவை இங்கே மணி பார்க்கும், அடுத்த தடவை அங்கே பார்க்கும். சில சமயம் இப்போதைய நேரம் போன தடவை பார்த்த நேரத்துக்கும் முந்தியதாக இருக்கும்! கார் திடீரென்று பாயும், திடீரென்று நிற்கும், திக்கும்.

இதற்கு வழி? விளையாட்டை ஒரே கோரில் கட்டிப் போட வேண்டும். ஒரே கடிகாரத்தைத்தான் பார்க்கும். டிக்கை எடுப்பது என்றால் அதுதான். கணினியின் பாதி அணைவதில்லை. அந்த ஒரு நிரல் மட்டும் அந்தக் கோருக்குப் போகாது, அவ்வளவே. மூடித் திறந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பின்னால் இதைச் சரிசெய்ய நிரல்களே வெளியிட்டார்கள். பிறகு வந்த சில்லுகளில் கோர் வேகம் மாறினாலும் எண்ணி ஒரே சீராக ஓடும்படி செய்துவிட்டார்கள். அதனால்தான் பேரனின் லேப்டாப்பில் அந்தச் சிடி திக்காமல் ஓடியது.

பொறியாளர்கள் உட்கார்ந்து சரிசெய்துகொண்டிருந்த ஒரு கோளாறை, பதினேழு வயதுப் பையன் பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, காரணத்தையும் ஒரே வரியில் என்னிடம் சொல்லியிருக்கிறான். "ரெண்டு கோருக்கும் டைம் ஒத்துப்போகலை சார்." நான்கு நாள் படித்து நான் கண்டுபிடித்தது அந்த ஒரு வரிதான்.

அவன் இப்போது என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறான். ஆசிரியர் தினத்தன்று வரும் முதல் வாழ்த்து வருடா வருடம் அவனுடையதாகத்தான் இருக்கும். பெயரைப் போடவில்லை. நேற்று ராத்திரி போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி, "தப்பு என் மேலதாம்ப்பா, மன்னிச்சுக்கோ" என்றேன்.

சிரித்தான். "சார், அதையா இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்க? நான் எப்பவோ மறந்துட்டேன் சார்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அவனே சொன்னான். "அப்பாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார். மெஷின்ல குறை இல்லைன்னு. அந்த மாசம் எனக்கு சைக்கிள் டயர் மாத்தித் தரேன்னு சொல்லியிருந்தாரு. அது போனா போகுது. ஆனா புது வீட்டுக்கு டிவி வாங்கினப்பகூட, 'நீ தொடாதடா, கெடுத்துடுவே'ன்னு சொல்லிட்டேதான் இருந்தாரு சார். விளையாட்டாத்தான் சொல்லுவாரு."

அவன் அப்பா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. எனக்கு அது நேற்றுத்தான் தெரியும்.

முப்பத்துநான்கு வருடம் வாத்தியார் வேலை பார்த்தேன். விடைத்தாளில் கூட்டல் தவறினால் மறு கூட்டலுக்கு வழி உண்டு. இதற்கு இல்லை. அந்த 350 ரூபாயைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. வேறு ஒன்று மட்டும் கேட்டேன். "இதை ஃபேஸ்புக்ல எழுதட்டுமாப்பா? அன்னைக்கு கிளாஸ் முன்னாடிதானே திட்டினேன். அந்த கிளாஸ்ல பாதிப் பேர் இங்கதான் இருக்காங்க."

"எழுதுங்க சார். ஆனா போடறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க. டெக்னிக்கலா தப்பு இருந்தா சொல்றேன்."

அனுப்பினேன். ஒரு தப்பு கண்டுபிடித்தான். பழைய விளையாட்டுக்குப் பல கோர்களால் ஒரு பயனும் இல்லை என்று முதலில் எழுதியிருந்தேன். "அப்படி இல்லை சார்" என்று குரல் பதிவு அனுப்பினான். கேம் ஓடும்போது பின்னால் விண்டோஸ் வேலை, வைரஸ் தேடுவது எல்லாம் நடந்துகொண்டே இருக்கும். ஒற்றைக் கோர் காலத்தில் அவையும் கேமும் ஒரே ஆளைப் பங்குபோட்டன. இப்போது மற்ற கோர்கள் அந்த எடுபிடி வேலைகளைப் பார்த்துக்கொள்ள, ஒரு கோர் முழுசாகக் கேமுக்குக் கிடைக்கிறது. மேலும், மற்றவை சும்மா இருந்தால் இன்றைய சில்லு ஒரு கோரின் வேகத்தைத் தற்காலிகமாக ஏற்றியும் கொடுக்கும். "அதனால கொஞ்சம் லாபம் உண்டு சார்" என்றான். திருத்திக்கொண்டேன். பத்துக்கு ஒன்பதரை மதிப்பெண் போட்டுவிட்டான் எனக்கு.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் டீச்சரம்மா சமையலறையிலிருந்து சொன்னாள்: "முப்பது வருஷம் நீங்க ஒரே வேலையைப் பார்த்தீங்களே, மத்த ஏழு கோரும் யாருன்னு நினைச்சீங்க?" பதில் சொல்லவில்லை.

பழைய விளையாட்டு ஆசை உள்ளவர்களுக்கு அவன் சொன்ன குறிப்புகள்:

டாஸ் காலத்து விளையாட்டு, டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா மாதிரி என்றால் டாஸ்பாக்ஸ் என்ற நிரலில் ஓட்டுங்கள். வேகம் அதிகமாக இருந்தால் கன்ட்ரோலும் எஃப் 11-ம் சேர்த்து அழுத்தினால் குறையும், கன்ட்ரோலும் எஃப் 12-ம் அழுத்தினால் கூடும்.

2000-ஐ ஒட்டி வந்த விண்டோஸ் விளையாட்டு திக்கினால், டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய், அதன் பெயரில் வலது கிளிக் செய்து, செட் அஃபினிட்டி என்பதில் ஒரு கோரை மட்டும் விட்டுவிட்டு மற்ற டிக்குகளை எடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் கெடாது. நான் உத்தரவாதம்.

பழைய விளையாட்டுக்காகவே கணினி வாங்குகிறீர்கள் என்றால் எத்தனை கோர் என்று கேட்காதீர்கள். ஒரு கோர் எவ்வளவு வேகம் என்று கேளுங்கள்.

2007 பேட்ச் பிள்ளைகளே, அன்றைக்கு வகுப்பில் நான் சொன்னது தவறு. அவன் எதையும் கெடுக்கவில்லை. அவன் சொன்னதுதான் சரி. இதைப் படிக்கிறவர்கள் அன்று வராதவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

தம்பி, சிடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. "பறிமுதல்" என்று எழுதியதை அழித்துவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அவரிடமாவது நான் நேரில் சொல்ல வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்